ஒரே நீட்.. ஒரே ஊர்.. ரெண்டு டாக்டர் படிப்பு! எம்பிபிஎஸ்-ஆ, சித்தாவா? சீட்டை உறுதி செய்யும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

நீட் ரிசல்ட் வந்த மறுநாள் நெல்லைப் பக்கம் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். மார்க்கைக் கேட்ட மாமாவோ சித்தப்பாவோ உடனே ஒரு தீர்ப்பு சொல்லிவிடுவார். "எம்பிபிஎஸ் கிடைக்கலன்னா என்னல, நம்ம பாளையங்கோட்டையிலயே சித்தா இருக்கு. அதுவும் டாக்டர்தான, அதுவும் அஞ்சரை வருஷம்தான!"

அவர் சொல்வதில் பாதி சரி. அதுவும் டாக்டர் படிப்புதான், அதுவும் ஐந்தரை வருடம்தான். ஆனால் இரண்டு படிப்பும் ஒரே இடத்தில் கொண்டுபோய் விடாது. எம்பிபிஎஸ் முடித்தவருக்குக் கிடைக்கும் உரிமம் வேறு, சித்தா முடித்தவருக்குக் கிடைக்கும் உரிமம் வேறு. மேல்படிப்பு, அரசு வேலை, வெளிநாட்டு வாய்ப்பு எல்லாமே அந்த உரிமத்தைப் பொறுத்துத்தான் அமையும். ஒன்றில் சேர்ந்துவிட்டு நடுவில் இன்னொன்றுக்கு மாறவும் வழி இல்லை.

கவுன்சிலிங்கில் சீட்டை உறுதி செய்வதற்கு முன்னால் மாணவர்களும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை என்னென்ன? விரிவாகப் பார்க்கலாம்.

பாளையங்கோட்டையில் ரெண்டு கல்லூரியும் எப்படி வந்தது?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி மற்ற ஊர்களைவிட நெல்லையில் அதிகம் எழுவதற்குக் காரணம் உண்டு. சித்த மருத்துவத்துக்கென்றே தனியாக ஓர் அரசுக் கல்லூரி 1964-ல் பாளையங்கோட்டையில் தொடங்கப்பட்டது. அடுத்த வருடமே, 1965-ல், திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி வந்தது. உள்ளூர்க்காரர்கள் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று சொல்வது அதைத்தான். ஒரு வருட இடைவெளியில், சில கிலோமீட்டர் தூரத்தில், இரண்டு மருத்துவ முறைகளுக்கும் இரண்டு அரசுக் கல்லூரிகள்.

தாமிரபரணி உற்பத்தியாகும் பொதிகை மலையை அகத்தியர் மலை என்றே மக்கள் சொல்கிறார்கள். சித்த மருத்துவத்தின் முதல் ஆசானாக அகத்தியரைக் கருதுவது மரபு. அந்த மலைத்தொடர் மூலிகைகளுக்கும் பேர்போனது. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை 2016-ல் யுனெஸ்கோ தன் உலகப் பட்டியலில் சேர்த்தது. மூலிகையை ஏட்டில் மட்டும் படிக்காமல் செடியாகவே பார்த்துப் படிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் எண்ணிக்கையில் இரண்டு முறைகளுக்கும் பெரிய இடைவெளி. தமிழ்நாட்டில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மாநில அரசின் சித்த மருத்துவக் கல்லூரிகளோ இரண்டே இரண்டு. ஒன்று பாளையங்கோட்டையில், இன்னொன்று சென்னை அரும்பாக்கத்தில். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ்-க்கு 250 இடங்கள், பாளையங்கோட்டை சித்தா கல்லூரியில் பிஎஸ்எம்எஸ் பட்டப்படிப்புக்கு 100 இடங்கள். இவை தவிர, கன்னியாகுமரி மாவட்டம் முஞ்சிறையில் இருப்பது போலத் தனியார் சித்தா கல்லூரிகளும் உண்டு.

ரெண்டுக்கும் பொதுவானது என்ன?

பலருக்குத் தெரியாத விஷயம், சித்தாவுக்கும் நீட் கட்டாயம். இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2020-ல் வந்தது. அதன்படி சித்தா, ஆயுர்வேதம், யுனானி படிப்புகளில் சேர நீட் தேர்வில் தகுதி பெற வேண்டும். பிளஸ் டூ-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும்.

படிப்புக் காலமும் ஒன்றுதான். நாலரை வருடம் வகுப்பு, ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. இங்குள்ள இரண்டு அரசுக் கல்லூரிகளிலும் பட்டம் தருவது தமிழ்நாடு டாக்டர் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகம். இரண்டு தரப்பினருமே பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்கிறார்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இரண்டுக்கும் உண்டு. 2020-ல் தமிழ்நாடு கொண்டுவந்த அந்தச் சட்டம் எம்பிபிஎஸ்-க்கு மட்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி படிப்புகளுக்கும் அது பொருந்தும்.

வித்தியாசம் வகுப்பறைக்குள் போன பிறகுதான் தொடங்குகிறது.

வகுப்பறையில் என்ன நடக்கும்?

எம்பிபிஎஸ் முதல் வருடத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். அடுத்து நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், மருந்தியல். பிறகு பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தைகள் நலம் என்று வார்டுகளில் பயிற்சி. ஹைகிரவுண்ட் மாதிரி ஆஸ்பத்திரியில் விபத்து, மாரடைப்பு, பிரசவம், விஷம் குடித்தவர், பாம்பு கடித்தவர் என்று இரவு பகலாக நோயாளிகள் வந்துகொண்டே இருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் மாணவர் தொழில் கற்றுக்கொள்கிறார்.

சித்தாவிலும் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் உண்டு. உடலை அறுத்துப் பார்க்கும் வகுப்பும் உண்டு. கூடவே சித்த மருத்துவ வரலாறு, மருத்துவத் தாவரவியல், குணபாடம், நோய் நாடல், நஞ்சு நூல் எல்லாம் படிக்க வேண்டும். குணபாடம் என்பது மருந்துப் பொருட்களைப் பற்றிய பாடம். மூலிகை ஒரு பகுதி, உலோகம், உப்பு, பாடாணம் போன்ற தாதுப் பொருட்களும் உயிரினங்களிலிருந்து கிடைக்கும் பொருட்களும் இன்னொரு பகுதி. அவற்றைச் சுத்தி செய்து, சூரணம், லேகியம், தைலம், பற்பம், செந்தூரம் என்று மருந்தாக்கும் முறையை மாணவர் செய்துபார்த்தே கற்க வேண்டும்.

நோயைக் கண்டறிய எண்வகைத் தேர்வு இருக்கிறது. நாடி, தொடு உணர்வு, நாக்கு, நிறம், குரல், கண், மலம், சிறுநீர் ஆகிய எட்டையும் பார்த்து வாதம், பித்தம், கபம் எது மிகுந்திருக்கிறது என்று கணிப்பது. வர்மமும், தொக்கணம் எனப்படும் உடலைப் பிடித்துவிடும் சிகிச்சையும் பாடத்தில் உண்டு.

முக்கியமான ஒன்று தமிழ். சித்தாவின் மூல நூல்கள் பெரும்பாலும் பழைய செய்யுள் வடிவில் இருக்கின்றன. தமிழ்ச் செய்யுளைப் பிரித்துப் படிக்கத் தயக்கம் இல்லாதவருக்கு இது கூடுதல் பலம். பள்ளியில் தமிழைத் தவிர்த்துவிட்டு வந்தவருக்கு முதல் வருடமே திணறும்.

படிப்புக்குப் பிறகு யார் என்ன செய்யலாம்?

முழு விஷயத்திலும் முக்கியமான கேள்வி இதுதான்.

எம்பிபிஎஸ் முடித்தவர் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்வார். மேலே இருந்து கண்காணிப்பது தேசிய மருத்துவ ஆணையம். பிஎஸ்எம்எஸ் முடித்தவர் பதிவு செய்வது சித்த மருத்துவத்துக்கான தனி கவுன்சிலில். மேலே இருப்பது இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையம். இரண்டும் தனித்தனிப் பதிவேடு. ஒன்றில் பெயர் இருப்பதால் இன்னொன்றில் உரிமை வந்துவிடாது.

அப்படியென்றால் சித்தா டாக்டர் ஊசி போடலாமா, இங்கிலீஷ் மருந்து எழுதலாமா?

தமிழ்நாட்டில் இதற்கு ஓர் அரசாணை இருக்கிறது. 2010 செப்டம்பர் 8-ம் தேதி சுகாதாரத் துறை வெளியிட்ட 248-ம் எண் அரசாணை. முறையாகக் கல்லூரியில் படித்துப் பதிவு செய்த இந்திய மருத்துவ முறை டாக்டர்கள், தங்கள் முறையோடு சேர்த்து, தாங்கள் பெற்ற பயிற்சியின் அடிப்படையில் நவீன மருத்துவத்தையும் பயன்படுத்தலாம் என்கிறது அது.

கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பயிற்சி பெற்ற அளவுக்குத்தான் அந்த உரிமை. பயிற்சி இல்லாத சிகிச்சையைச் செய்து நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் அரசாணை காப்பாற்றாது. ஹோமியோபதி படித்த ஒருவர் அலோபதி மருந்து கொடுத்த வழக்கில், அதுவே கவனக்குறைவுதான் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

இரண்டு, இது மாநில அரசின் ஆணை. 1998-ல் வந்த இன்னொரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, எந்த மாநிலம் அனுமதி தருகிறதோ அந்த மாநிலத்துக்குள்தான் அது செல்லும். பெங்களூருவுக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய் இந்த ஆணையைக் காட்ட முடியாது.

மூன்று, அரசாணையை மாற்றுவது அரசின் கையில் இருக்கிறது. ஐந்தரை வருடப் படிப்பை அதை மட்டும் நம்பித் தேர்ந்தெடுப்பது ரிஸ்க்.

2020-ல் ஆயுர்வேத டாக்டர்கள் 58 வகை அறுவை சிகிச்சைகளைச் செய்யலாம் என்று வந்த அறிவிப்பையும் சிலர் சித்தாவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது ஆயுர்வேதத்தில் குறிப்பிட்ட முதுகலைப் படிப்பு முடித்தவர்களுக்கானது. சித்தா பட்டதாரிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

'சித்தா முடிச்சிட்டு எம்பிபிஎஸ்-க்கு மாறிக்கலாம்'.. உண்மையா?

இல்லை. அப்படி மாறுவதற்கு வழி கிடையாது.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த தேசிய மருத்துவ ஆணைய மசோதாவில் ஒரு பிரிவு இருந்தது. ஆயுஷ் டாக்டர்கள் 'பிரிட்ஜ் கோர்ஸ்' முடித்தால் நவீன மருந்துகளை ஓர் அளவுக்கு எழுதலாம் என்றது அது. எதிர்ப்பு கிளம்பியது. 2018-ல் அந்தப் பிரிவை அரசே நீக்கிவிட்டது. 2019-ல் நிறைவேறிய சட்டத்தில் பிரிட்ஜ் கோர்ஸ் இல்லை.

சித்தா முடித்த ஒருவர் எம்பிபிஎஸ் டாக்டர் ஆக வேண்டும் என்றால் மறுபடியும் நீட் எழுதி, மறுபடியும் முதல் வருடத்திலிருந்து தொடங்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் பதினொரு வருடம்.

மேல்படிப்பு, வேலை, சம்பளம்

எம்பிபிஎஸ்-க்குப் பிறகு முதுகலை நீட். எம்டி, எம்எஸ், அதற்கு மேல் டிஎம், எம்சிஎச் என்று இதயம், நரம்பு, சிறுநீரகம் போன்ற உயர் சிறப்புப் பிரிவுகள் வரை போகலாம். போட்டி கடுமை. எம்பிபிஎஸ் முடித்துவிட்டு முதுகலை இடத்துக்காக வருடக் கணக்கில் படிப்பவர்கள் உண்டு. எம்பிபிஎஸ் கிடைத்துவிட்டால் வாழ்க்கை செட்டில் என்ற நினைப்பு இப்போது பொருந்தாது.

சித்தாவில் முதுகலைக்குத் தனி அகில இந்தியத் தேர்வு இருக்கிறது. பொது மருத்துவம், குணபாடம், சிறப்பு மருத்துவம், குழந்தை மருத்துவம், நோய் நாடல், நஞ்சு நூலும் மருத்துவ நீதி நூலும் ஆகிய பிரிவுகளில் எம்டி படிக்கலாம். பாளையங்கோட்டை கல்லூரியிலேயே முதுகலை உண்டு. தாம்பரத்தில் மத்திய அரசின் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. அதற்கு மேல் டிஎம், எம்சிஎச் போன்ற படிகள் சித்தாவில் இல்லை.

அரசு வேலையில் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. இரண்டு தரப்புக்கும் ஆள் எடுப்பது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்தான். எம்பிபிஎஸ் முடித்தவருக்கு உதவி மருத்துவர் பணி, சித்தா முடித்தவருக்கு உதவி சித்த மருத்துவ அலுவலர் பணி. வாரிய அறிவிப்புகளில் இரண்டு பணிக்குமே தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய் என்றுதான் இருக்கிறது.

சம்பளம் ஒன்று என்றாலும் இடங்களின் எண்ணிக்கை ஒன்றில்லை. 2024-ல் உதவி மருத்துவர் பணிக்கு 2,553 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. சித்தா பணியிடங்கள் அந்த அளவுக்கு ஒருபோதும் வருவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு ஆஸ்பத்திரிகளிலும் சித்தா பிரிவுகள் இருந்தாலும், ஒரு இடத்துக்கு ஒரு டாக்டர்தான். ஒருவர் ஓய்வு பெற்றால்தான் அடுத்தவருக்கு வாய்ப்பு என்ற நிலை பல இடங்களில்.

சமமா இல்லையா என்ற சட்டச் சண்டையும் முடியவில்லை. குஜராத் ஆயுர்வேத டாக்டர்கள் எம்பிபிஎஸ் டாக்டர்களுக்குச் சமமான சம்பளம் கேட்ட வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. அவசர சிகிச்சை, விபத்து சிகிச்சை, பிரேதப் பரிசோதனை போன்ற பணிகள் ஒன்றல்ல என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். ஓய்வு வயது உள்ளிட்ட பணி நிபந்தனைகளில் இரு தரப்பையும் சமமாக நடத்த வேண்டுமா என்ற கேள்வி 2025-ல் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

சொந்தமாக கிளினிக் வைப்பதிலும் வேறுபாடு உண்டு. மூட்டுவலி, காளாஞ்சகப்படை போன்ற தோல் நோய், பக்கவாதத்துக்குப் பிந்தைய சிகிச்சை, மூலம் என்று நாள்பட்ட தொந்தரவுகளுக்குச் சித்தாவைத் தேடி வருபவர்கள் நெல்லையில் எப்போதும் உண்டு. டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீரும், கொரோனா காலத்தில் கபசுரக் குடிநீரும் சித்தாவைப் புதுத் தலைமுறையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஆனால் நோயாளிகள் நம்பி வர வருடங்கள் ஆகும். மாரடைப்பும் பாம்புக் கடியும் சித்தா கிளினிக்கில் வைத்துப் பார்க்கும் கேஸ் இல்லை. வந்தவரை நேரம் கடத்தாமல் ஹைகிரவுண்டுக்கு அனுப்பத் தெரிந்தவர்தான் நல்ல சித்தா டாக்டர்.

வெளிநாட்டில் செல்லுமா?

எம்பிபிஎஸ் முடித்தவர் அந்தந்த நாட்டின் தகுதித் தேர்வை எழுதி அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் டாக்டராக முயற்சி செய்யலாம். பிஎஸ்எம்எஸ் பட்டத்தை வைத்து அந்தத் தேர்வுகளுக்கு உட்கார முடியாது.

சித்தாவுக்குக் கதவு திறப்பது தமிழர் வாழும் நாடுகளில். இலங்கையில் சித்த மருத்துவம் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் பட்டப்படிப்பே உண்டு. மலேசியா 2016-ல் பாரம்பரிய மருத்துவத்துக்குத் தனிச் சட்டம் இயற்றி, இந்திய மருத்துவ முறைகளையும் அதற்குள் கொண்டுவந்தது.

அமெரிக்காவிலும் 'ரெண்டு டாக்டர் படிப்பு' இருக்கே?

ஆமாம். இணையத்தில் தேடும் மாணவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் இது. அமெரிக்காவில் எம்டி, டிஓ என்று இரண்டு மருத்துவப் பட்டங்கள். டிஓ என்பது ஆஸ்டியோபதி. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற டாக்டர் 1892-ல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் அதற்கான முதல் கல்லூரியைத் தொடங்கினார். எலும்பையும் தசையையும் கையால் அழுத்தி, நீவிச் சரிசெய்வது அந்த முறையின் அடையாளம். நம்ம ஊர் தொக்கணத்தை நினைத்துக்கொண்டால் ஓரளவு புரியும்.

தொடக்கத்தில் அங்கேயும் டிஓ-க்களை டாக்டர் என்று ஒப்புக்கொள்ள மற்றவர்கள் தயாராக இல்லை. இன்று நிலைமை வேறு. டிஓ கல்லூரிகளில் எம்டி பாடங்கள் அத்தனையும் சொல்லித்தரப்படுகின்றன, கையால் செய்யும் சிகிச்சை கூடுதல் பாடம். 50 மாநிலங்களிலும் இருவருக்கும் ஒரே உரிமை. மேல்படிப்புப் பயிற்சி இடங்களும் 2020 முதல் ஒரே அமைப்பின் கீழ் வந்துவிட்டன. அங்கே எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேருகிறார்கள்.

இங்கே அப்படி இல்லை. அமெரிக்க உதாரணத்தைக் காட்டி 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆஸ்டியோபதி இந்தியாவின் ஆயுஷ் முறைகளில் ஒன்றும் அல்ல.

இரண்டையும் கலந்து சொல்லிக்கொடுக்கும் முயற்சி தமிழ்நாட்டில் நடக்காமலும் இல்லை. 1920-களில் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. சித்தா, ஆயுர்வேதம், யுனானியோடு நவீன மருத்துவப் பாடங்களும் அங்கே இருந்தன. கடைசியில் நவீன மருத்துவமே மிஞ்சியது. அந்த நிறுவனம் 1960-ல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாக மாறியது. இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலும் இதே மாதிரி ஒரு டிஓ கல்லூரி எம்டி கல்லூரியானது. அங்கிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டிஓ-க்கள் 65 டாலர் கட்டி எம்டி பட்டம் வாங்கிக்கொண்டார்கள்.

கீழ்ப்பாக்கம் மாறி நான்கு வருடம் கழித்துத்தான் பாளையங்கோட்டையில் சித்தாவுக்கென்று தனிக் கல்லூரி வந்தது. அந்தத் தனித்தன்மை இன்றும் தொடர்கிறது. சித்தாவைத் தேர்ந்தெடுப்பவர் முழுச் சித்தா டாக்டராகவே வெளியே வருவார் என்பது அதன் பலம். மாற்றிக்கொள்ள முடியாது என்பது அதன் விலை.

கவுன்சிலிங்கில் கவனிக்க வேண்டியவை

இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம். எம்பிபிஎஸ், பிடிஎஸ் கவுன்சிலிங்கை நடத்துவது மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு. சித்தா உள்ளிட்ட படிப்புகளுக்கு இந்திய மருத்துவம் மற்றும் ஹோமியோபதி இயக்ககம் தனியாக அறிவிப்பு வெளியிடும். 'எம்பிபிஎஸ்-க்கு அப்ளை பண்ணிட்டோம், அதுலயே சித்தாவும் வந்துடும்' என்று இருந்துவிட்டால் தேதி போய்விடும்.

அகில இந்திய ஒதுக்கீடும் தனித்தனி. அரசுக் கல்லூரிகளின் 15 சதவீத இடங்களுக்கு எம்பிபிஎஸ்-க்கு ஒரு மத்தியக் குழு, ஆயுஷ் படிப்புகளுக்கு வேறொரு மத்தியக் குழு.

சீட்டை விடும்போது எச்சரிக்கை தேவை. சித்தாவில் சேர்ந்துவிட்டு, அடுத்த வருட நீட்டுக்குப் படிக்கலாம் என்று பலர் திட்டமிடுகிறார்கள். எந்தச் சுற்று வரை இடத்தை விடலாம், அதற்குப் பிறகு விட்டால் அபராதமா, அடுத்த கவுன்சிலிங்கில் தடையா என்பதெல்லாம் அந்தந்த வருட விளக்கக் குறிப்பேட்டில் இருக்கும். சேரும் முன் அந்தப் பக்கத்தைப் பெற்றோரும் படிக்க வேண்டும்.

தனியார் கல்லூரி என்றால், அந்த வருடத்துக்கு அதற்கு ஆணையத்தின் அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆயுஷ் கல்லூரிகளுக்கு அனுமதி வருடந்தோறும் மாறலாம். நிர்வாக ஒதுக்கீட்டு எம்பிபிஎஸ் இடத்துக்கு வயலை விற்கவோ கடன் வாங்கவோ யோசிக்கும் குடும்பங்கள், முதுகலைக்கும் செலவு காத்திருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

யாருக்கு எது சரி?

கீழே உள்ள கேள்விகளுக்கு மாணவர் தானாகப் பதில் சொல்லிப் பார்க்கலாம். மாமா சொல்லும் பதில் செல்லாது.

ஆபரேஷன் தியேட்டரிலோ அவசர சிகிச்சைப் பிரிவிலோ நிற்பதுதான் ஆசையா? அப்படியென்றால் எம்பிபிஎஸ்தான் வழி. சித்தாவில் சேர்ந்துவிட்டு அந்த ஆசையை அடக்க முடியாது.

வெளிநாட்டில் டாக்டராக வேலை பார்க்கும் எண்ணம் இருக்கிறதா? அதற்கும் எம்பிபிஎஸ்.

மூலிகை, மருந்து தயாரிப்பு, தமிழ் நூல்கள் இவற்றில் நிஜமான ஆர்வம் இருக்கிறதா? ஒரு நோயாளியோடு மாதக்கணக்கில் பயணிக்கும் பொறுமை இருக்கிறதா? சித்தா அப்படிப்பட்டவருக்கான படிப்பு. ஆராய்ச்சியில் நாட்டம் இருந்தால் இன்னும் நல்லது. எந்த மருந்து எந்த நோய்க்கு எந்த அளவுக்குப் பலன் தருகிறது, தாதுப் பொருள் சேர்ந்த மருந்துகள் எவ்வளவு பாதுகாப்பானவை என்ற கேள்விகளுக்குத் தரமான ஆய்வுகள் இன்னும் நிறைய தேவைப்படுகின்றன. அவற்றைச் செய்ய, இரண்டு மொழியும் தெரிந்த சித்தா டாக்டர்கள் வேண்டும்.

இரண்டும் இல்லை, டாக்டர் என்ற பட்டம் மட்டும்தான் வேண்டுமா? அப்படியென்றால் ஒரு நாள் நிதானமாக யோசிப்பது நல்லது. பேருக்காக சித்தா படித்துவிட்டு, இங்கிலீஷ் மருந்து மட்டுமே எழுதும் டாக்டராக வாழ்வது சட்டத்தின் ஓரத்தில் நடப்பது மாதிரி. அது நோயாளிக்கும் ஆபத்து, எழுதுபவருக்கும் ஆபத்து.

முடிவெடுக்கும் முன் செய்யக்கூடிய எளிய வேலை ஒன்று உண்டு. பாளையங்கோட்டை சித்தா கல்லூரி ஆஸ்பத்திரியின் புறநோயாளிகள் பிரிவில் ஒரு காலை நேரம், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் ஒரு காலை நேரம் போய் வெளியில் இருந்தபடியே பார்த்துவிட்டு வரலாம். யார் வருகிறார்கள், எந்த நோய்க்கு வருகிறார்கள், டாக்டர் அவர்களோடு எவ்வளவு நேரம் பேசுகிறார் என்பது தெரிந்துவிடும். இன்னும் பத்து வருடம் கழித்து அந்த இரண்டு இடத்தில் எங்கே உட்கார்ந்திருக்க ஆசை என்பதை யோசித்துவிட்டு சீட்டை உறுதி செய்யலாம்.